இரும்பு மாறிவிட்டது: லொறி வில்லுத் தகடும் எமது கம்மாலைகளும்

காலபோக விதைப்பு நெருங்கும்போது வன்னிக் கிராமங்களின் கம்மாலைகளில் இரண்டு விதமான ஆட்களைக் காணலாம். ஒருவர் புதிதாகக் கத்தியோ கோடாலியோ செய்விக்க வந்தவர். மற்றவர் சென்ற போகத்தில் செய்வித்ததைத் திருப்பிக் கொண்டு வந்தவர். இந்த இரண்டாமவரின் கையில் பெரும்பாலும் விளிம்பு பறந்த காட்டுக்கத்தி இருக்கும். அல்லது காம்புக்குப் பக்கத்தில் வெடித்த கோடாலி இருக்கும்.

“அண்ணை, வீரைக் கொப்பு ஒண்டுதான் தறிச்சனான். ரெண்டாம் வெட்டிலையே முனை பறந்து போச்சு.”

“நல்ல லொறி வில்லுத்தான் தம்பி போட்டனான். நீ எங்கையோ கல்லில அடிச்சிருப்பாய்.”

இருவரும் பொய் சொல்லவில்லை. விவசாயி கல்லில் அடிக்கவில்லை. கொல்லரும் கள்ள இரும்பு போடவில்லை. ஆனால் அந்த விவசாயி அடுத்த முறை கம்மாலைக்கு வரமாட்டார். நகரத்துக் கடையில் தொங்கும், தகட்டை அச்சில் அழுத்தி வெட்டிய இறக்குமதிக் கத்தியை வாங்கிக்கொண்டு போவார். அது வளையும், கெதியாய் மழுங்கும். ஆனால் கண்ணுக்கு நேரே துண்டு பறக்காது. இப்படியே ஒரு கிராமம் தன் கொல்லரை இழந்துவிடுகிறது. பிறகு தேய்ந்த மண்வெட்டிக்கு அலகு வைக்கவும் தாக்கத்திக்குக் கருக்கு வெட்டவும் பாளைக்கத்தியைத் தட்டிச் சீர்செய்யவும் ஆள் இல்லை.

தவறு எங்கே இருக்கிறது? எமது கொல்லர்கள் தந்தையரிடமும் பாட்டன்மாரிடமும் கற்ற தோய்ச்சல் முறை பிழையானதல்ல. அந்த முறை வேறோர் இரும்புக்கு உரியது. பாட்டனார் அடித்தது பெரும்பாலும் மெல்லிரும்பு. வாய்ப்புறத்தில் மட்டும் ஒரு துண்டு உருக்கை வைத்து ஒட்டினார். அந்த உருக்கும் பழைய அரம் போன்ற, காபன் தவிர வேறு சேர்க்கை அதிகம் இல்லாத உருக்கு. அதற்குத் தண்ணீர்த் தோய்ச்சலே பொருத்தம். தண்ணீரின் வேகமான குளிர்ச்சி இல்லாவிட்டால் அது இறுகாது. இன்று உலையில் கிடக்கும் லொறி வில்லுத் தகடோ முழுக்க முழுக்க உருக்கு. அதுவும் குரோமியமோ சிலிக்கனோ சேர்ந்த உருக்கு. தண்ணீரில் விட்டால் வெடிக்கும். வெடிப்பு அன்றைக்குக் கண்ணில் படாமலும் போகலாம். காட்டில் இரண்டாம் வெட்டில் தெரியவரும்.

இந்தத் தீவில் உருக்கு வேலை நேற்றுத் தொடங்கியதல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பலாங்கொடைக்குத் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பகுதியில், நிலம் நீரில் மூழ்குமுன் நடந்த அகழ்வாய்வுகளில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக இரும்பு உருக்கும் உலைகள் கண்டுபிடிக்கப்பட்டன. துருத்தி இல்லாமல், தென்மேல் பருவக்காற்றின் வேகத்தை மட்டுமே கொண்டு எரிந்த உலைகள் அவை. கி.பி. முதலாம் ஆயிரவாண்டின் பிற்பகுதியில் அவை செழித்திருந்தன. ஆய்வை நடத்திய ஜில் ஜூலெஃப் அதே இடத்தில் அதே மாதிரியான உலையைக் கட்டி எரித்துப் பார்த்து, காபன் கூடிய உருக்கையே அதில் நேரடியாகப் பெறலாம் என்று 1996 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார். அதற்கு முன்னரே, 1908 இல் வெளியான தமது நூலில் ஆனந்த குமாரசுவாமி, கண்டிய நாட்டுக் கைவினைஞர்கள் இரும்பு உருக்கும் முறையையும் உருக்குச் செய்யும் முறையையும் விவரித்திருக்கிறார். ஆகவே “இதெல்லாம் வெளிநாட்டு இயந்திரத்துக்குத்தான் சரிவரும்” என்று எமது இளைஞர்கள் சொல்லும்போது நான் ஏற்றுக்கொள்வதில்லை. இரும்பு மாறும்போதெல்லாம் கொல்லனும் தன் கையை மாற்றியிருக்கிறான். இப்போது இன்னொரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

தகட்டின் உள்ளே என்ன இருக்கிறது?

கட்டட வேலைக்குப் பாவிக்கும் சாதாரணக் கம்பியில் காபன் குறைவு. நூற்றுக்குக் கால் பங்கு அளவில்தான் இருக்கும். அதைச் செந்தணலாக்கி எதில் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய இறுக்கம் வராது. வில்லுத் தகட்டில் காபன் ஏறத்தாழ 0.5 முதல் 0.65 வீதம் வரை உள்ளது. ஜப்பானியர் எஸ்.யு.பி. 9 என்றும் அமெரிக்கர் 5160 என்றும் குறிக்கும் வகைகளில் இதோடு மங்கனீசும் குரோமியமும் ஒவ்வொன்றும் முக்கால் முதல் ஒரு வீதம் வரை சேர்ந்திருக்கும். பிரித்தானியர் ஈ.என். 45 என்ற வகையில் குரோமியத்துக்குப் பதிலாகச் சிலிக்கன் ஒன்றரை முதல் இரண்டு வீதம் வரை இருக்கும். எமது வீதிகளில் ஓடுவன ஜப்பானிய லொறிகளும் இந்திய லொறிகளும் பஸ் வண்டிகளும் கலந்தவை. கையில் கிடைத்த தகடு எந்த வகை என்று பார்வையால் சொல்ல முடியாது. ஆனால் ஒரு விடயம் எல்லாவற்றுக்கும் பொது: இவை எண்ணெயில் இறுகும் உருக்குகள்.

தொழிற்சாலையில் இந்தத் தகடுகளைத் தோய்த்த பின், 400 முதல் 500 பாகை செல்சியஸ் வரை மீண்டும் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அதனால்தான் அவை வளைந்து நிமிர்கின்றன. இந்தப் பதம் ஒரு கத்திக்கு மென்மையானது. ஆனால் புல்லுச் செருக்கும் உளவாரத்துக்கும், களைக்கொத்துக்கும் மண்ணில் வேலை செய்யும் வேறு சிறு ஆயுதங்களுக்கும் அதுவே போதும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படியான ஒரு பொருளைச் சூடேறாமல் வெட்டி, அராவி எடுத்தால் உலையில் வைக்கவே தேவையில்லை. உலையும் கரியும் இல்லாத ஒரு பெண்கள் குழுகூட இந்த வேலையைச் செய்யலாம்.

எங்கே எடுப்பது?

1990 இல் போர் மீண்டும் மூண்டு, வடக்குக்கு எரிபொருள், சீமெந்து, மின்கலம் என்று பலவும் தடைப்பட்ட காலத்தை நினைவுள்ளவர்கள், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர் கார்களையும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காரின் பின்பக்கத்தில்தான் தகட்டு வில்லு உண்டு. முன்பக்கத்தில் இருப்பது நீளமான உருண்டைக் கம்பி. முறுக்கேறித் திரும்புவதால் அதுவே வில்லாக வேலை செய்கிறது. உளி செய்வதற்கு அதைப்போல வாய்ப்பான கம்பி வேறில்லை. தடித்த சுருள் வில்லை நிமிர்த்தினாலும் இதே மாதிரி உருண்டைக் கம்பி கிடைக்கும்.

இன்றைக்கு முதலிடம் கராஜ்களும் பழைய இரும்புக் கடைகளுமே. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் பழைய வாகன உதிரிப் பாகங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. ஐந்து வருடமாகப் பழைய வாகனங்களே ஓடின. வில்லு சோர்ந்தால் வளைத்து நிமிர்த்தி மறுபடியும் பூட்டினார்கள். ஆகவே இப்போது கழித்து எறியப்படும் தகடு நன்றாகவே களைத்த தகடு என்று எண்ணிக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நான்கைந்து கம்மாலைகள் ஒன்றுசேர்ந்து, வாகன வில்லுச் செய்யும் தொழிலகங்களில் மிஞ்சும் புதிய பட்டைத் துண்டுகளை வாங்குவதே சிறந்தது என்பேன். விலை சற்றுக் கூடும். ஆனால் வெடிப்பு இராது. எந்த வகை உருக்கு என்று கேட்டறியலாம். ஒரே வகை என்பதால் ஒரே தோய்ச்சல் எல்லாத் துண்டுக்கும் பொருந்தும். நிறுத்து வாங்கும்போது கணக்குத் தெரிந்திருப்பது நல்லது. 70 மில்லிமீற்றர் அகலமும் 8 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தகடு ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 4.4 கிலோ நிற்கும். 700 கிராம் காட்டுக்கத்திக்கு, உலையில் கருகிப் போவதையும் அராவிக் கழிப்பதையும் சேர்த்து, ஒரு சாண் நீளம் போதும். மீதியை அடித்து நீட்டுவது கொல்லரின் வேலை. கத்திக்கு வான், சிறு லொறித் தகடுகள் நல்லவை. பெரிய லொறியின் 12, 14 மில்லிமீற்றர்த் தகட்டைக் கோடாலிக்கும் கல்லுடைக்கும் உளிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. முதலாவது, புகையிரதப் பாதையில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் வில்லாணி. அது நல்ல வில்லுருக்குத்தான். ஆனால் அதைக் கழற்றியவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணப் பாதையில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. 2014 ஒக்ரோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் ஓர் ஆணி குறைந்தாலும் ஆபத்தில் இருப்பது ஒரு வண்டி சனம்.

இரண்டாவது இன்னும் பாரதூரமானது. போர் நடந்த காணிகளில் பொறுக்கிய இரும்பை எந்தக் கம்மாலையும் எடுக்கக் கூடாது. 2009 இற்குப் பிறகு வன்னியில் பழைய இரும்பு பொறுக்குவது பல ஏழைக் குடும்பங்களுக்கு அன்றாடச் சீவனமாக இருந்தது. வெடிக்காத செல்லும் கண்ணிவெடியும் கறள் பிடித்த இரும்பைப் போலவே கிடக்கும். கறள் ஏறியதால் அதன் உள்ளே இருப்பது செத்துவிடுவதில்லை. கிலோவுக்குக் கிடைக்கும் சொற்பக் காசுக்காகப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். “இங்கே கொண்டுவந்தால் வாங்கமாட்டார்கள்” என்று தெரிந்தால் பொறுக்க மாட்டார்கள். உருண்டையாய், நீளக் குழலாய், இறகு வைத்ததாய் எதையாவது காணிக்குள் கண்டால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. வாகனத்திலிருந்து நேரே கழன்ற தகடு, இடம் தெரிந்த தகடு, அதை மட்டும் வாங்குங்கள்.

வெடிப்பை எப்படிக் காண்பது?

தகடு உடைவதற்கு முன்னர் பல மாதமாக அதனுள்ளே மயிர்போன்ற வெடிப்பு வளர்ந்துகொண்டிருக்கும். நடு ஆணி போகும் துளையைச் சுற்றியும், யூ போல்ட் இறுக்கிய இடத்திலும், ஒரு தகட்டின் நுனி அடுத்த தகட்டோடு உராய்ந்து பள்ளமான இடத்திலும்தான் அது தொடங்கும். முறிந்த தகடு என்றால் முறிவின் இருபக்கமும் நான்கு விரல் அளவு கழித்துவிடுவது உத்தமம்.

மீதிக்கு ஒரு மலிவான சோதனை உண்டு. கறளையும் கிறீசையும் சுரண்டித் துடைத்த தகட்டை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் வெளியே எடுத்து நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, சோக்குத் தூளைத் தண்ணீரிற் கரைத்து மெல்லியதாகப் பூசுங்கள். பூச்சு உலர்ந்து வெள்ளையானதும் ஒரு சின்னச் சுத்தியலால் இடையிடையே தட்டுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளையில் கறுத்த கோடாகத் தெரியும். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டிப் பார்ப்பதும் நல்லதுதான்: முழுத் தகடு மணிபோல் நின்று ஒலிக்கும், வெடித்தது தட்டையாய் ஒலிக்கும். ஆனால் காதை மட்டும் நம்ப வேண்டாம்.

வெட்டுதல்

வில்லுத் தகட்டை அப்படியே இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் வாள் பல்லுத்தான் போகும். முதலில் மென்மையாக்க வேண்டும். தகட்டைக் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, உலர்ந்த உமிச்சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து, மறுநாள் காலை வரை விடுங்கள். நெல் விளையும் ஊர்களில் உமிச்சாம்பலுக்குப் பஞ்சமில்லை; சூட்டைப் பிடித்து வைப்பதில் அது விறகுச் சாம்பலையும் விஞ்சும். சாம்பலில் ஈரம் இருந்தால் வேலை கெட்டுவிடும்.

உலையில் வைத்து அடிக்கப் போகும் துண்டுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். செம்மஞ்சள் சூட்டில் பட்டடைமேல் வைத்து வெட்டுளியால் இருபுறமும் வெட்டிப் பிரிக்கலாம். மின்சாரம் உள்ள இடங்களில் மெல்லிய தட்டுப் போட்ட கிறைண்டர் மிகச் சுலபம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. வெட்டியவுடன் சிவந்த விளிம்பைத் தண்ணீரில் தோய்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த இடத்தில் மயிர்வெடிப்பு அங்கேயே தொடங்கிவிடும். காஸ் சுவாலையால் வெட்டிய விளிம்பும் காற்றிலேயே இறுகி நொறுங்கும் தன்மை அடைகிறது. மூன்று மில்லிமீற்றராவது அராவி எடுக்காமல் அதைப் பாவிக்கக் கூடாது. குளிர்ந்த தகட்டில் கோடு வெட்டிச் சம்மட்டியால் அடித்து முறிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். முறியும், துண்டும் பறக்கும். பக்கத்தில் துருத்தி ஊதும் பிள்ளையின் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தீர்களா?

உலையில்

சிரட்டைக்கரி எமக்குக் கிடைத்த கொடை. காற்றைக் கூட்டினால் உக்கிரமாக எரியும், புகை குறைவு, கந்தகமும் அதிகம் இல்லை. உக்கிரமே அதன் ஆபத்தும்கூட. வில்லுத் தகட்டில் நட்சத்திரப் பொறி பறக்கும் வரை காய்ச்சினால் அந்த இடம் எரிந்து போயிற்று. எந்த மருந்தாலும் திருத்த முடியாது, வெட்டி எறிய வேண்டியதுதான். மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை அடிக்கலாம். நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கினால் சம்மட்டியை வைத்துவிட்டு மீண்டும் உலைக்குள் விட வேண்டும். குரோமியம் சேர்ந்த தகடு மெல்லிரும்பைவிட விறைப்பாக நிற்பதால், கை பழகும் வரை “இது சரிவராது” என்று தோன்றும்.

அடித்து முடிந்ததும் நேரே தோய்ச்சலுக்குப் போகக் கூடாது. காந்தம் விடும் சூட்டுக்கு மேலே காய்ச்சி, காற்றில் தானாகக் கறுக்க விடுங்கள். இப்படி மூன்று தரம், ஒவ்வொரு தரமும் சூட்டைச் சற்றுக் குறைத்து. அடியினாலும் அதிக சூட்டினாலும் பருத்துப்போன உள் மணிகள் இதனால் மீண்டும் நுண்மையாகின்றன. கழிவுத் துண்டு ஒன்றைக் கூடவே வைத்துத் தோய்த்து முறித்துப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். முறிவு முகம் சீனிக் கட்டிபோல் மினுங்கினால் மணி பெரிது, கத்தி உடையும். சாம்பல் நிறத்தில் மழமழப்பாக இருந்தால் நல்லது.

தோய்ச்சல்

எமது பெரியவர்கள் மைம்மலிலேதான் தோய்ச்சல் போடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று சிரித்த ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரைச் சந்தித்திருக்கிறேன். மத்தியான வெயிலில் அவர் செந்தணலைப் பார்த்து நிறம் சொல்லட்டும்! வெயிலில் 900 பாகையும் மங்கலாகத்தான் தெரியும். நிழல் கட்டிய இடமும் ஒரே அளவான வெளிச்சமும்தான் கொல்லனின் வெப்பமானி.

பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத்தை விட்டுவிடும். வில்லுத் தகட்டை இறுக்க வேண்டிய சூடு அதற்கும் சற்று மேலே. குரோமிய வகைக்கு 830 அளவில், சிலிக்கன் வகைக்கு இன்னும் ஐம்பது அறுபது பாகை கூட. எனவே காந்தம் விட்ட நிறத்திலிருந்து ஒரு படி பிரகாசம் கூடும் வரை வைத்து, வாய்ப்புறம் முழுவதும் ஒரே நிறமானதும் எடுக்க வேண்டும். மெல்லிய விளிம்பு முந்திக் காயும்; ஆகவே முதுகுப்புறத்தை நெருப்புக்குள் விட்டு மெதுவாகக் காய்ச்சுவதே கைப்பக்குவம்.

எண்ணெய் எது? தேங்காய் எண்ணெயே திறமானது. விலை கட்டாது என்றால் சாப்பாட்டுக் கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை வடித்து எடுக்கலாம். வாகனத்தில் வடித்த கழிவெண்ணெய் வேண்டாம். அதிலிருந்து எழும் புகை நெஞ்சுக்கு நஞ்சு. நாள்தோறும் அதைச் சுவாசிப்பவர் கொல்லரும் அவருடைய பிள்ளையுமே. எண்ணெயை 50, 60 பாகைக்கு, அதாவது விரல் வைத்தால் உடனே எடுக்கும் சூட்டுக்குக் காய்ச்சிக்கொள்ள வேண்டும். சூடான எண்ணெய் இளகி, இரும்பை வேகமாகக் குளிர்விக்கும். குளிர்ந்த எண்ணெயைவிட அதுவே நல்லது. ஒரு கிலோ ஆயுதத்துக்கு எட்டுப் பத்து லீற்றர் வேண்டும். பாத்திரம் இரும்பாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் வாளி கூடாது. மேலே தீப்பற்றும் என்று எதிர்பார்த்தே நில்லுங்கள். மூடி ஒன்றும் உலர்ந்த மணலும் பக்கத்தில் இருந்தால் பயமில்லை. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் கூரை போய்விடும்.

கத்தியை விளிம்பின் திசையிலேயே, வெட்டுவதுபோல இறக்கி, மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும். கோடாலிக்கும் மண்வெட்டி அலகுக்கும் வாயிலிருந்து மூன்று விரல் அளவு தோய்த்தால் போதும். காம்பு பூட்டும் கண் மென்மையாகவே இருக்கட்டும். அங்கே இறுக்கம் வந்தால் வெடிப்பது அங்கேதான். வெளியே எடுத்ததும் புதிய அரத்தால் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். அரம் கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் இறுகிவிட்டது. வழுக்காமல் கடித்தால் சூடு போதவில்லை, அல்லது அது வில்லுத் தகடே அல்ல.

பதம் இறக்குதல்

இவ்வளவும் செய்த கொல்லர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகிறார்கள். எண்ணெயிலிருந்து வந்த ஆயுதம் கண்ணாடிக்குச் சமம். கீழே விழுந்தாலே உடையக்கூடும். ஓர் இரவு அப்படியே வைத்தால் யாரும் தொடாமலே வெடித்துக் கிடக்கலாம். கைச்சூட்டுக்கு வந்த உடனேயே பதம் இறக்கத் தொடங்க வேண்டும்.

விளிம்பை மணற்கல்லில் வெள்ளிபோலத் தேய்த்து, முதுகுப்புறத்தைச் செந்தணலான ஒரு கனத்த இரும்பின்மேல் வையுங்கள். சூடு முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நகரும்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். 220, 230 பாகையில் வைக்கோல் மஞ்சள். 255 அளவில் மண்ணிறம். 280 அளவில் ஊதா. 300 இல் மயிற்கழுத்து நீலம். அதற்கு மேலே மங்கிச் சாம்பலாகும். பாளைக்கத்திக்கும் தச்சு உளிக்கும் கடும் மஞ்சளில் நிறுத்தலாம். காட்டுக்கத்தியின் விளிம்பு மண்ணிறத்துக்குப் போகட்டும், முதுகு நீலமாகட்டும். பாலை, வீரை தறிக்கும் கோடாலிக்கு ஊதா. கல்லுத் தரையில் வேலை செய்யும் மண்வெட்டி அலகுக்கு நீலம். கொஞ்சம் கெதியாய் மழுங்கினாலும் அராவிக் கொள்ளலாம். நிறம் வந்த கணமே தண்ணீரில் தோய்த்து நிறுத்த வேண்டும். இந்தச் சூட்டில் தண்ணீர் தீங்கு செய்யாது. தாத்தாவின் தண்ணீர்த் தொட்டிக்கு இங்கே வேலை இருக்கிறது.

நிறம் பார்ப்பது ஒரு கணநேர வேலை. சிறியதொரு கவனக்குறைவு போதும் கெடுக்க. நிதானமான வழி ஒன்று உண்டு. பாண் போறணை. பாண் இறக்கிய பின் போறணையின் சூடு மெல்ல மெல்ல இறங்கும். 200 பாகை அளவுக்கு வந்ததும், எண்ணெய் நீங்கச் சவர்க்காரமிட்டுக் கழுவிய கத்திகளை இரண்டு மணித்தியாலம் உள்ளே வையுங்கள். மறுநாளும் அப்படியே. முழுக்கத்தியும் ஒரே பதத்துக்கு வந்துவிடும். போறணைக்கென விற்கும் சிறு வெப்பமானி ஒன்று போதும். பேக்கரிக்காரருக்கு ஒரு நல்ல கத்தி செய்து கொடுத்தால் வாடகையும் கேட்கமாட்டார்.

மண்வெட்டிக்கு அலகு வைப்பது பற்றி ஒரு வார்த்தை. வில்லுத் தகடு மூன்று அங்குல அகலம்தான். முழு மண்வெட்டி அதில் வராது. ஆனால் முதலைக் குறி மண்வெட்டி போன்ற நல்ல பழைய மண்வெட்டிகள் வாய் தேய்ந்து மூலையில் கிடக்கின்றன. அவற்றுக்கு வில்லுத் தகட்டில் புதிய வாய் வைத்தால் இன்னும் பல போகம் உழைக்கும். மின்னால் உருக்கி ஒட்டுபவர் இரண்டு பகுதியையும் முன்கூட்டியே 250 பாகை அளவுக்குக் காய்ச்சிக்கொண்டு, 7018 வகைக் குச்சியை உலர்த்திப் பாவித்து, ஒட்டிய பின் உமிச்சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். குளிர்ந்த தகட்டில் நேரே ஒட்டினால் ஒட்டு நிற்கும்; அதற்குப் பக்கத்து உருக்கு வெடிக்கும்.

முடிந்த ஆயுதத்தை ஆளிடம் கொடுக்குமுன் கொல்லரே சோதிப்பது நல்லது. கத்தியைக் காய்ந்த பாலைக் கட்டையில் பத்துத் தரம் ஓங்கிக் கொத்தி, விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். சுருண்டிருந்தால் பதம் கூட இறங்கிவிட்டது; பறந்திருந்தால் போதவில்லை, ஒரு நிறம் கூட இறக்க வேண்டும். பிறகு காம்புப் பக்கத்தில் ஆணியால் சின்ன அடையாளம் ஒன்று குத்தி, எந்தத் தகடு, என்ன எண்ணெய், எந்த நிறம் என்று ஒரு கொப்பியில் எழுதிவைக்கலாம். அடுத்த ஐப்பசியில் யாராவது ஒரு கத்தியைத் திருப்பிக் கொண்டுவந்தால், கல்லில் அடித்தாயா என்று கேட்குமுன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அதே தகட்டில் இன்னும் எத்தனை கத்தி ஊருக்குள் போயிருக்கிறது என்று அறிந்து, அவற்றையும் அழைத்து வாங்கித் திருத்திக் கொடுக்கலாம்.